பாட்டனார் பறங்கியர், பேரனுக்குப் போர்த்துக்கல் கடவுச்சீட்டு கிடைக்குமா?

வாசகர் கேள்வி – பதில்

வம்சாவழிப் பிரஜாவுரிமை பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களுக்கு இம்முறை பதில் தருகிறோம். பெயர், முகவரிகளை வெளியிடவில்லை. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களின் கடிதங்களை ஒன்றாக்கியிருக்கிறோம்.

*

கேள்வி: நாங்கள் மட்டக்களப்புப் பறங்கியர், போர்த்துக்கேயரின் வழிவந்தவர்கள். அப்பப்பா வீட்டில் போர்த்துக்கீசம்தான் பேசுவார். எங்கள் குடும்பப் பெயரும் போர்த்துக்கேயப் பெயர். கோவாக்காரர்களுக்குப் போர்த்துக்கல் பிரஜாவுரிமை கொடுப்பதைப் போல எங்களுக்கும் எடுத்துத் தரலாம் என்று ஒரு முகவர் சொல்கிறார், முற்பணமும் கேட்கிறார். கொடுக்கலாமா? (டச்பார்)

பதில்: கொடுக்க வேண்டாம். கோவாவின் கதை வேறு, மட்டக்களப்பின் கதை வேறு.

கோவா, டாமன், டையூ ஆகிய இடங்கள் 1961 டிசம்பர் 19 வரை போர்த்துக்கலின் கையில் இருந்தன. அந்தத் திகதிக்கு முன் அங்கே பிறந்தவர்களைப் போர்த்துக்கல் தன் பிரஜைகளாகவே கொள்கிறது. அங்கே அவர்களின் பிறப்புப் பதிவும் இருக்கிறது. அந்தப் பதிவை லிஸ்பனிலுள்ள மத்தியப் பதிவகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகுதான் பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் வழி திறக்கிறது.

மட்டக்களப்பில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டியது 1628இல். பத்தே வருடத்தில், 1638 மே மாதம், ஒல்லாந்தர் அதைப் பிடித்துவிட்டார்கள். 1658இல் யாழ்ப்பாணமும் போனதோடு இலங்கையில் போர்த்துக்கேய ஆட்சி முடிந்தது. உங்கள் முப்பாட்டன் லிஸ்பனிலிருந்து கப்பலில் வந்திறங்கியவராகவே இருக்கட்டும். பிறகு வந்த பத்துப் பதினைந்து தலைமுறையில் ஒருவருடைய பிறப்பும் போர்த்துக்கல் பதிவேட்டில் ஏறவில்லை. 1981ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் பேரப்பிள்ளைக்கு இடம் கொடுக்கிறதுதான். ஆனால் தாத்தாவோ பாட்டியோ போர்த்துக்கேயப் பிரஜையாக இருந்து, அதை இழக்காமலும் இருந்திருக்க வேண்டும். அதோடு போர்த்துக்கேய மொழி தெரியும் என்றும் காட்ட வேண்டும். நம் ஊர்ப் பறங்கிப் பேச்சு அருமையான சொத்து, ஆனால் அந்த மொழிச் சான்றிதழுக்கு அது ஈடாகாது.

குடும்பப் பெயரும் சான்றல்ல. ஞானஸ்நானத்தோடு போர்த்துக்கேயப் பெயர் ஏற்றுக்கொண்ட கரையோரக் குடும்பங்கள் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் ஆயிரக்கணக்கில் உண்டு. டி.என்.ஏ. சோதனையில் ஐரோப்பிய வீதம் எவ்வளவு வந்தாலும் பதிவகத்துக்கு அது தேவையில்லாத தாள். அவர்கள் பார்ப்பது இரத்தத்தை அல்ல, பதிவை.

ஒல்லாந்து வழியும் இப்படித்தான். 1796இல் இலங்கை ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1802 அமியன்ஸ் உடன்படிக்கையில் ஒல்லாந்து அதை எழுதியே கொடுத்தது. பெற்றோர் வழியாகப் பிரஜாவுரிமை செல்லும் ஒல்லாந்துச் சட்டமோ 1893 ஜூலை 1இல்தான் நடைமுறைக்கு வந்தது. இடையில் நூறு வருடம். அந்த இடைவெளியை எந்த முகவராலும் நிரப்ப முடியாது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. உங்கள் குடும்பத்தில் கோவாவிலே பிறந்து இங்கே வந்து கலியாணம் முடித்த தாத்தாவோ பாட்டியோ இருந்தால், அவருடைய கோவா ஞானஸ்நானப் பதிவையும் பிறப்புப் பதிவையும் முதலில் தேடுங்கள். அவை கைக்கு வந்த பிறகு முகவரைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் பெரும்பாலும் அவர் தேவைப்பட மாட்டார்.

*

கேள்வி: அப்படியானால் பிரித்தானியா? என் அம்மம்மாவின் தகப்பன் வெள்ளைக்காரத் துரை. (திருக்கோவில்)

பதில்: அம்மம்மாவின் தகப்பன் உங்களுக்குப் பூட்டன். அது ஒரு தலைமுறை கூடிவிட்டது. உங்கள் அம்மா உயிரோடு இருந்து, வேலை செய்யக்கூடியவராகவும் இருந்தால் அவருக்கு ஒரு வழி உண்டு: பொதுநலவாய நாட்டுப் பிரஜை ஒருவரின் தாத்தாவோ பாட்டியோ ஐக்கிய இராச்சியத்தில் பிறந்திருந்தால் வம்சாவழி விசா கோரலாம். இலங்கை பொதுநலவாய நாடுதான். அது ஐந்து வருட விசா. வந்தவுடன் கையில் கிடைக்கும் பிரஜாவுரிமை அல்ல; ஐந்து வருடம் அங்கே இருந்து நிரந்தர வதிவிடம் பெற்று, அதன் பிறகே பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

துரை எங்கே பிறந்தார் என்பதே கேள்வி. இலங்கையில் பிறந்த துரை என்றால் பயனில்லை. இங்கிலாந்து, வேல்ஸ் பிறப்புப் பதிவுகள் 1837 முதல் இருக்கின்றன. முழுப்பெயரும் ஏறத்தாழப் பிறந்த ஆண்டும் தெரிந்தால் நகல் எடுக்கலாம். சட்டப்படி கலியாணம் நடக்காமல் பிறந்த பிள்ளை என்பது இந்த விசாவுக்குத் தடையல்ல. ஆனால் துரைதான் தகப்பன் என்று ஒரு பதிவாவது சொல்ல வேண்டும், ஊர் சொன்னால் போதாது.

*

கேள்வி: என் கணவர் 2012இல் பிரித்தானியப் பிரஜையானார். மூத்த மகன் 2010இலும் மகள் 2014இலும் இங்கே கல்முனை ஆஸ்பத்திரியில்தான் பிறந்தார்கள். ஒரு வாப்பாவின் இரண்டு பிள்ளைகள். மகளுக்குக் கிடைக்கும், மகனுக்குக் கிடைக்காது என்கிறார்கள். இது என்ன நியாயம்? (நற்பிட்டிமுனை)

பதில்: நியாயத்தைப் பற்றிக் கேட்டால் உங்கள் பக்கம்தான் நிற்போம். சட்டம் பார்ப்பது ஒன்றே ஒன்று: பிள்ளை பிறந்த அன்று வாப்பா யார்?

2014இல் அவர் பிரித்தானியப் பிரஜை. ஆகவே மகள் பிறந்த நாளிலிருந்தே பிரித்தானியப் பிரஜை. அவருக்குப் பிரஜாவுரிமை விண்ணப்பமே தேவையில்லை. நேரே முதல் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். பிரஜாவுரிமை விண்ணப்பம் என்று பணம் கட்டச் சொன்னால், சொன்னவர் விஷயம் தெரியாதவர்.

மகளின் விண்ணப்பத்தோடு போக வேண்டியவை: கணவரின் பிரஜாவுரிமைச் சான்றிதழ், உங்கள் விவாகச் சான்றிதழ், தாய் தகப்பன் இருவரின் பெயரும் உள்ள மகளின் முழுப் பிறப்புச் சான்றிதழ், உங்கள் அடையாள ஆவணம், இவற்றில் தமிழில் உள்ளவற்றுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்பு. பிறப்பைப் பல மாதம் கழித்துப் பதிந்திருந்தால் சந்தேகம் எழும். அப்போது கைகொடுப்பவை கிளினிக் அட்டை, பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு, ஆஸ்பத்திரி விடுவிப்பு அட்டை, கணவர் ஊருக்கு வந்துபோன முத்திரைகள் உள்ள பழைய கடவுச்சீட்டு. வீடு மாறும்போது கிளினிக் அட்டையைக் குப்பையில் போடுபவர்கள் பலர். போடாதீர்கள்.

மகன் பிறக்கும்போது கணவர் பிரித்தானியப் பிரஜை அல்ல. ஆகவே மகனுக்குத் தானாக எதுவும் வராது. பதினெட்டு வயதுக்குள் எம்.என்.1 படிவத்தில் பதிவு கோரலாம். ஆனால் அது உள்துறை அலுவலகத்தின் விருப்புரிமை. பிள்ளை இங்கே வளர்ந்துகொண்டிருக்கும்போது கேட்டால் சம்மதிப்பது அரிது. பிள்ளையின் எதிர்காலம் அங்கேதான் என்று காட்ட வேண்டும். வழமையான பாதை, மகன் முதலில் குடும்ப விசாவில் அங்கே போய்க் குடியமர்வது. அதற்கும் பதினெட்டுத்தான் எல்லை. 2028 பிறந்தநாள் வரை என்று எண்ணிக்கொண்டு கடைசி மாதம் வரை பொறுத்திருக்க வேண்டாம்.

இன்னொன்றையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். மகளின் பிரஜாவுரிமை வம்சாவழியாக வந்தது. அவர் நாளை இலங்கையில் பிள்ளை பெற்றால் அந்தப் பிள்ளைக்குத் தானாகச் செல்லாது. பிள்ளை பிறக்குமுன் மகள் ஐக்கிய இராச்சியத்தில் தொடர்ந்து மூன்று வருடம் இருந்திருந்தால் பதிவு செய்யும் உரிமை உண்டு. அந்த மூன்று வருடத்தில் 270 நாளுக்கு மேல் வெளியே இருந்திருக்கக் கூடாது.

*

கேள்வி: அம்மா கனேடியப் பிரஜையான பிறகு, 2002இல் நான் மட்டக்களப்பில் பிறந்தேன். கனடாவில் வாழ்ந்ததில்லை. கனேடியக் கடவுச்சீட்டு இருக்கிறது. என் மகன் 2025 ஜூனில் பிறந்தான். இரண்டாவது பிள்ளையை எதிர்பார்க்கிறோம். பிள்ளைகளுக்குக் கிடைக்குமா? (செங்கலடி)

பதில்: மூத்தவனுக்கு ஆம். இரண்டாவதற்கு, இப்போதுள்ள நிலையில், இல்லை.

2009 ஏப்ரல் 17 முதல் கனடா, வெளிநாட்டில் பிறக்கும் முதல் தலைமுறையோடு வம்சாவழியை நிறுத்தியிருந்தது. அது அரசியலமைப்புக்கு முரண் என்று ஒன்டாரியோ உயர் நீதிமன்றம் 2023 டிசம்பரில் தீர்ப்பளித்தது. புதிய சட்டம் 2025 டிசம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பிறந்த இரண்டாம் தலைமுறைப் பிள்ளைகள் பிரஜைகள். அதன் பிறகு பிறப்பவர்களுக்கு, வெளிநாட்டில் பிறந்த கனேடியத் தாயோ தகப்பனோ பிள்ளை பிறக்குமுன் கனடாவில் மொத்தம் 1,095 நாள் இருந்திருக்க வேண்டும். உங்களிடம் அந்த நாட்கள் இல்லை.

மகனுக்கு எடுக்க வேண்டியது பிரஜாவுரிமைச் சான்றிதழ். படிவம் சி.ஐ.டி. 0001, கட்டணம் 75 கனேடிய டொலர். உங்கள் அம்மாவின் சான்றிதழில் உள்ள திகதி உங்கள் பிறந்த திகதிக்கு முன்னையது என்பதைக் காட்டும் நகல், உங்கள் பிறப்புச் சான்றிதழ், மகனுடையது: இந்த மூன்று கண்ணியும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். அம்மாவின் பெயர் கனடாவில் ஒரு விதமாகவும் உங்கள் பிறப்புச் சான்றிதழில் வேறு விதமாகவும் இருந்தால் கீழே பெயர் பற்றிய பதிலைப் பாருங்கள்.

*

கேள்வி: மகள் 2016இல் கட்டாரில் பிறந்தாள். நாங்கள் இருவரும் இலங்கையர். வந்த பிறகு பள்ளிக்கூடத்தில் கட்டார் பிறப்புச் சான்றிதழைக் காட்டிச் சேர்த்துவிட்டோம். பிறகு அடையாள அட்டை எடுக்கப் பிரஜாவுரிமைச் சான்றிதழ் வேண்டும் என்கிறார் கிராம சேவகர். எங்கள் பிள்ளை இலங்கையர் இல்லையா? (காத்தான்குடி, இதே கேள்வியோடு சம்மாந்துறை, ஏறாவூர், பாலமுனைக் கடிதங்களும்)

பதில்: இம்முறை அதிகம் வந்த கேள்வி இதுதான். வளைகுடா நாடுகள் தங்கள் மண்ணில் பிறந்ததற்காக வெளிநாட்டார் பிள்ளைக்குப் பிரஜாவுரிமை கொடுப்பதில்லை. இலங்கையோ, வெளிநாட்டில் பிறந்த பிள்ளை தானாகவே இலங்கையர் ஆகிவிடும் என்று சொல்வதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் 5(2)ஆம் பிரிவு இரண்டு நிபந்தனை வைக்கிறது. பிறக்கும்போது பெற்றோரில் ஒருவர் இலங்கைப் பிரஜையாக இருக்க வேண்டும். பிறந்து ஒரு வருடத்துக்குள் தூதரகத்திலோ இங்கே குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திலோ பதிய வேண்டும். நியாயமான காரணம் இருந்தால் ஒரு வருடத்துக்குப் பிறகும் பதிய அமைச்சர் அனுமதிக்கலாம். ஆகவே பயப்பட வேண்டாம். பிந்திய பதிவுக்கு மேலதிகக் கட்டணம் வரும், அவ்வளவுதான்.

கட்டாரில் இன்னும் இருப்பவர்கள் அங்குள்ள இலங்கைத் தூதரகத்திலேயே முடித்துக்கொண்டு வருவது நல்லது. ஊருக்கு வந்துவிட்டவர்கள் பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிரஜாவுரிமைப் பிரிவுக்குப் போக வேண்டும். கொண்டுபோக வேண்டியவை: பிள்ளையின் கட்டார்ப் பிறப்புச் சான்றிதழ் (அந்நாட்டு வெளிவிவகார அமைச்சின் அத்தாட்சியோடு), தாய் தகப்பன் பிறப்புச் சான்றிதழ்கள், விவாகச் சான்றிதழ், பிள்ளை பிறந்த காலத்தில் செல்லுபடியான இருவரின் கடவுச்சீட்டுகள், பிள்ளை நாட்டுக்குள் வந்த பயண ஆவணம், பதியப் பிந்தியதற்கான விளக்கக் கடிதம். ஒறிஜினலும் வேண்டும், போட்டோகொப்பியும் வேண்டும்.

எங்கே சிக்குகிறது? பழைய கடவுச்சீட்டை முகவரிடமோ கம்பனியிடமோ விட்டுவிட்டு வந்திருப்பார்கள். 2016இல் நீங்கள் இலங்கையர் என்பதைக் காட்டுவது அந்தப் புத்தகம்தான். கட்டார்ச் சான்றிதழில் வாப்பாவின் பெயரோடு அவருடைய வாப்பாவின் பெயர், குடும்பப் பெயர் எல்லாம் சேர்ந்து நீண்டிருக்கும், இலங்கைச் சான்றிதழில் "மு.லெ." என்று முதலெழுத்து மட்டும் இருக்கும். நிக்காஹ் நடந்து, பதிவு பிந்தியிருக்கும். அவசரப் பயணப் பத்திரத்தில் கைக்குழந்தையைக் கொண்டுவந்தவர்கள் அதையே பிரஜாவுரிமை என்று நினைத்துவிடுகிறார்கள். அது பயணத்துக்கு மட்டும்.

2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்துக்கு முன் தகப்பன் வழி மட்டுமே செல்லுபடியானது. இப்போது தாயின் பிரஜாவுரிமையும் போதும். கணவர் வேறு நாட்டவர் என்று தயங்கி எழுதிய அக்கரைப்பற்றுச் சகோதரிக்கும் இதுவே பதில்.

தமிழ்நாட்டு அகதி முகாம்களில் பிறந்த பிள்ளைகளுக்கும் 5(2)தான். சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் பதிந்துகொண்டு திரும்பியவர்களுக்குச் சிக்கல் குறைவு.

*

கேள்வி: நான் 2010இல் பிரித்தானியப் பிரஜையானேன். மூத்தவன் 2008இல், இளையவள் 2013இல் லண்டனில் பிறந்தார்கள். இருவருக்கும் இலங்கைப் பிரஜாவுரிமை எடுக்க விரும்புகிறேன். களுவாஞ்சிக்குடியில் எங்கள் வயல் காணி இருக்கிறது. (லண்டனிலிருந்து)

பதில்: 2010இல் பிரித்தானியப் பிரஜாவுரிமையை நீங்களாக எடுத்தபோதே இலங்கைப் பிரஜாவுரிமை போய்விட்டது. பழைய இலங்கைக் கடவுச்சீட்டு மேசை லாச்சியில் கிடப்பதால் அது இருக்கிறது என்று ஆகாது.

மூத்தவன் பிறந்த 2008இல் நீங்கள் இலங்கையர். 5(2)இல் பிந்திய பதிவு கோரலாம். இளையவள் விஷயத்தில் எங்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது: 2013இல் உங்கள் மனைவி எந்த நாட்டுப் பிரஜை? அப்போதும் இலங்கையர் என்றால் தாய் வழியாக அவளுக்கும் முடியும். இருவருமே பிரித்தானியராகிவிட்டிருந்தால் அவளுக்கு இந்தக் கதவு இல்லை. நீங்கள் இப்போது இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்தாலும் அது 2013க்குப் பின்னோக்கிச் செல்லாது. இலங்கைப் பிரஜாவுரிமையை மீளப்பெறும் அந்த ஏற்பாடு ஒருகாலத்தில் அதை வைத்திருந்து இழந்தவர்களுக்கானது. அவள் வைத்திருந்ததே இல்லை.

மூத்தவனுக்கு இன்னொரு எல்லை: வம்சாவழியாக இலங்கையராகி, வேறு நாட்டுப் பிரஜாவுரிமையும் உள்ளவருக்கு 22 வயதோடு இலங்கைப் பிரஜாவுரிமை நின்றுவிடும். அதற்கு முன் அதைத் தக்கவைக்க 19(3)ஆம் பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும். 2030 என்று குறித்துக்கொள்ளுங்கள்.

காணிக்காக மட்டும் என்றால் இவ்வளவு ஓட வேண்டியதில்லை. வெளிநாட்டாருக்குக் காணி கைமாற்றுவதைக் கட்டுப்படுத்தும் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம், நெருங்கிய உறவினருக்கு வாரிசுரிமை வழியாகவோ மரணசாசனம் வழியாகவோ போவதை விலக்கி வைத்திருக்கிறது. ஆனால் அது உறுதிக் காணிக்கு. அரச அனுமதிப்பத்திரக் காணி என்றால் பிரதேச செயலகத்தில் தனியாகக் கேட்க வேண்டும்.

*

கேள்வி: மெல்போர்னில் என் பெரியம்மா அவுஸ்திரேலியப் பிரஜை. அவர் வழியாக? (மட்டக்களப்பு)

பதில்: இல்லை. பெற்ற தாய் அல்லது தகப்பன் மட்டுமே. அவுஸ்திரேலியாவில் தாத்தா பாட்டியும் கணக்கில் இல்லை.

*

கேள்வி: 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து மட்டக்களப்புக்கு வந்து குடியேறிய குடும்பம். தாத்தாவின் பிரஜாவுரிமைப் பத்திரம் எரிந்துவிட்டது. (கிரான்)

பதில்: 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்துவரும் இந்திய வம்சாவழியினருக்கும், இங்கே வாழும் அவர்களின் சந்ததிக்கும் பிரஜாவுரிமை வழங்கியது. இந்தியக் கடவுச்சீட்டு எடுக்காதவர்களுக்குப் பொதுப் பிரகடனம், எடுத்தவர்களுக்கு விசேட பிரகடனம். பிறந்தபோதே தகப்பன் இலங்கைப் பிரஜை என்றால் உங்களுக்கு இதுவும் தேவையில்லை, தகப்பனின் ஆவணம் போதும். முதலில் தகப்பனுடையதைத் தேடுங்கள். தாத்தாவினதை அதன் பிறகு பார்க்கலாம்.

*

கேள்வி: ஒரே ஆளுக்கு நான்கு ஆவணத்தில் நான்கு பெயர். சுனாமியில் வீட்டிலிருந்த சான்றிதழ்களும் போய்விட்டன. எங்கே தொடங்குவது? (கல்லடி, மருதமுனை, பெரியநீலாவணை)

பதில்: பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள். வீட்டிலிருந்தது நகல்தான். பிறப்பு, விவாக, இறப்புப் பதிவுகளின் நகலைப் பிரதேச செயலகத்தின் மேலதிக மாவட்டப் பதிவாளர் பிரிவில் பெறலாம். பதிவிலக்கம் தெரியாவிட்டால் ஏறத்தாழத் திகதி கொடுத்துத் தேடுதல் விண்ணப்பம் போட வேண்டும். ஆண்டைத் தவறாகக் கொடுத்தால் "இல்லை" என்று வரும். உண்மையில் பக்கத்து ஆண்டுப் புத்தகத்தில் இருக்கும். ஆகவே அக்காமார், அண்ணன்மாரின் வயதை வைத்து ஆண்டைக் கணித்துக்கொண்டு போங்கள். உள்ளூர்ப் புத்தகம் அழிந்திருந்தால் மாளிகாவத்தை மத்திய ஆவணக் காப்பகத்தில் இணைப்பிரதி இருக்கிறதா என்று பார்க்கலாம். தேடியும் இல்லை என்றால் அந்த முடிவையே எழுத்தில் வாங்குங்கள். பிறகு காட்டும் மாற்று ஆவணங்களுக்கு அதுதான் வாசற்படி.

மாற்று ஆவணங்களில் எல்லாம் ஒரே எடை அல்ல. பலரும் கவனிக்காமல் விடுவது விவாகச் சான்றிதழ்: மணமகன், மணமகள் இருவரின் தகப்பன் பெயரும் அதில் இருக்கும். பிறப்புச் சான்றிதழ் கிடைக்காத பாட்டியை அவருடைய தகப்பனோடு இணைக்க அது ஒன்றே போதுமாக இருப்பதுண்டு. நம் பிறப்புச் சான்றிதழிலும் பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம் கேட்கும் ஒரு கட்டம் இருக்கிறது. அதை வெறுமையாக விடாதீர்கள். கத்தோலிக்கர் புளியந்தீவு, தாண்டவன்வெளிப் பங்குகளில் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேட்கலாம். பள்ளிக்கூட அனுமதிப் பதிவேடும் உதவும். கிராம உத்தியோகத்தர் கடிதமும் சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக்கடதாசியும் துணைக்கு நல்லது. அவை மட்டும் இருந்தால் வெளிநாட்டு அலுவலகம் அசையாது.

பெயர் வித்தியாசத்துக்கு முதலில் ஒரு தாளில் அட்டவணை போடுங்கள்: எந்த ஆவணம், எந்த ஆண்டு, அதில் பெயர் எப்படி, தகப்பன் பெயர் எப்படி. பிழை பிறப்புப் பதிவில் இருந்தால் அதைச் சட்டப்படி திருத்தலாம். பிறப்புப் பதிவு சரி, கடவுச்சீட்டு பிழை என்றால் கடவுச்சீட்டைத் திருத்துங்கள். இரண்டையும் விட்டுவிட்டு "இருவரும் ஒருவரே" என்று சத்தியக்கடதாசி மட்டும் முடிப்பதுதான் இங்கே பழக்கம். சிறிய எழுத்து வித்தியாசத்துக்கு அது ஓடும், தகப்பன் பெயரே மாறியிருந்தால் ஓடாது. விண்ணப்பம் போட்ட பிறகு திருத்தினால், உரிமைக்காகத் திருத்தினார்கள் என்ற கண்ணோடு பார்ப்பார்கள். முன்பே திருத்துங்கள்.

மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது கடவுச்சீட்டின் நகலையும் கொடுத்து, அதிலுள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலையே பயன்படுத்தச் சொல்லுங்கள். அவர் தன் காதில் விழுந்தபடி எழுதினால் ஐந்தாவது பெயர் பிறந்துவிடும்.

வெளிநாட்டுக்குப் போகும் சான்றிதழுக்கு வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் அத்தாட்சி கேட்கப்பட்டால் கிழக்கு மாகாணத்தார் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. திருகோணமலையில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. மூலச் சான்றிதழையும் மொழிபெயர்ப்பையும் ஒன்றாகக் கொண்டுபோங்கள். மடித்து, லமினேட் செய்து வைத்த பழைய சான்றிதழோடு போகாமல் புதிய நகல் எடுத்துக்கொண்டு போவதே மேல்.